நல்லூரில் பிறந்து நல்லூர்க் கோயிலோடே வாதாடியவர்!

உங்கள் வீட்டுப் பூஜையறை அலமாரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்மாவோ மாமியாரோ வைத்துவிட்டுப் போன பெரிய புராண வசனப் புத்தகம் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே வள்ளலாரின் திருவருட்பாவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே குங்குமம், ஒரே பூ! ஆனால் பெரிய புராணத்தை நமக்கு எளிய வசனமாக எழுதித் தந்தவரும், திருவருட்பாவைப் பாடியவரும் ஒரு காலத்தில் கோர்ட்டு வாசல் வரை போனவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வள்ளலாரின் சரிதம் நம் வாசகிகளுக்கு நன்றாகவே தெரியும். மற்றவரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவர்தான் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். வாழ்நாள் முழுக்க யாரோடாவது வாதாடிக்கொண்டே இருந்த மகான் அவர். பாதிரிமார்களோடு வாதம், கோயில் நிர்வாகத்தோடு வாதம், தில்லை தீட்சிதர்களோடு வாதம், வெள்ளைக்கார அதிகாரியோடும் வாதம். இவரைச் சண்டைக்காரர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடலாம்தான். அப்படிச் செய்யுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

1822-ம் வருடம் டிசம்பர் 18. மார்கழி மாதம். முருகப் பெருமான் கோயில்கொண்ட நல்லூரில் கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியின் கடைக்குட்டியாகப் பிறந்தார். தகப்பனார் தமிழ் படித்தவர், நாடகங்கள் எழுதுபவர். பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் இறைவனடி சேர்ந்தார். மீதியை அந்தச் சிறுவனே எழுதி முடித்தான் என்று சொல்வார்கள். பிறகு சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் போன்ற பெரியவர்களிடம் தமிழ்ப் பாடம். ஆங்கிலம் கற்றது, பீற்றர் பர்சிவல் என்ற பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிஷன் பள்ளியில்.

நெற்றியில் திருநீறோடு பைபிள் வேலை!

பையனின் தமிழைப் பார்த்து வியந்த பர்சிவல், அதே பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை கொடுத்தார். பைபிளைத் தமிழாக்கும் பணியிலும் துணைக்கு வைத்துக்கொண்டார். சைவப் பிள்ளை பைபிளை மொழிபெயர்ப்பதா என்று உங்கள் மனதில் ஒரு கேள்வி எழும். அன்று ஊரிலும் எழுந்தது. நாவலர் அதைப் பொருட்படுத்தவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, தினமும் சிவபூஜை செய்துகொண்டு, அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்தார். மொழிபெயர்ப்பு முடிந்ததும் பர்சிவலோடு சென்னைக்கு வந்தார். மழவை மகாலிங்கையர் என்ற பெரும் பண்டிதர் அதைப் பார்வையிட்டு, நடை நன்றாக இருக்கிறது என்று ஒப்புதல் தந்தார்.

ஆனால் மனசுக்குள் வேறொரு நெருப்பு. அந்நாளில் யாழ்ப்பாணத்தில் படிப்பு வேண்டுமென்றால் மிஷன் பள்ளிதான். படித்தால் உத்தியோகம். கூடவே மதமும் மாறும். நம் பிள்ளைகள் தேவாரம் தெரியாமலே வளர்கிறார்களே என்ற தவிப்பு அவரை வாட்டியது. 1847-ம் வருடக் கடைசி நாளில், வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. மறுவருடம் பர்சிவல் எவ்வளவோ கேட்டுக்கொண்டும் வேலையை விட்டு விலகினார். சம்பளம் போயிற்று. கல்யாணமும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அதே 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

பள்ளி திறந்தால் போதுமா? பாடப் புத்தகம் வேண்டாமா? ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியும்? அச்சு இயந்திரம் வாங்க 1849-ல் தமிழகத்துக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த சந்நிதானம் சூட்டிய பட்டம்தான் நாவலர். அப்பா அம்மா வைத்த பெயரோடு அது ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அவர் அச்சிட்டவற்றைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். பாலபாடங்கள், சைவ வினாவிடை, பெரிய புராண வசனம், பரிமேலழகர் உரையோடு திருக்குறள்... நாம் இன்று சாதாரணமாகப் போடும் கமா, முற்றுப்புள்ளிகளைத் தமிழ் வசனத்தில் தாராளமாகக் கையாண்ட முன்னோடி அவரே. அறுபத்துமூவர் கதையைப் புலவர்களின் துணையில்லாமல், அடுப்படி வேலை முடிந்து உட்கார்ந்த ஒரு குடும்பப் பெண்ணும் தானே படித்துப் புரிந்துகொள்ள முடிந்ததே! அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1854-ல் சைவ தூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். நம் வழிபாட்டைக் கேலி செய்த பாதிரிமார்களுக்கு அது பதில். இங்கேதான் பைபிள் வேலை கை கொடுத்தது! பழைய ஏற்பாட்டில் வரும் ஆலயத்திலும் விளக்கு உண்டு, தூபம் உண்டு, நைவேத்தியம் போன்ற படையல் உண்டு, தீட்டுக் கழிக்கும் சடங்கும் உண்டு. அங்கே அது சரியென்றால் இங்கே மட்டும் எப்படித் தப்பாகும் என்று இடம் சுட்டி வாதித்தார். எதிராளியின் புத்தகத்தை அவர்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தவரின் பதில் அது. அதற்காகத் தம்மை வளர்த்த பர்சிவலை அவர் பழித்ததாக எங்கும் இல்லை.

நம்மவர்களோடும் விட்டுக்கொடுக்கவில்லை

பாதிரிமார்களோடு மட்டும் வாதாடியிருந்தால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். அவரோ அதே அளவுகோலை நம் கோயில்கள் மீதும் வைத்துவிட்டார். அந்த அளவுகோல், சிவாகமம்.

நல்லூர்க் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே மூலஸ்தானத்தில் முருகனின் திருவுருவம் இல்லை. வேல்தான் மூலவர். ஆகமப்படி இது சரியா என்று கேட்டார் நாவலர். முறையாகத் தீட்சை பெறாதவர்கள் பூஜை செய்யலாமா என்று கேட்டார். திருவிழாவில் தேவதாசிகளின் சதிர்க்கச்சேரி எதற்கு என்றும் கேட்டார். பத்திரிகையாகவே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். கோயில் நிர்வாகம் அவர் சொன்னதை ஏற்கவில்லை. பிறந்த ஊர்க் கோயில், சின்ன வயதிலிருந்து கும்பிட்ட முருகன்! சொந்தக் கோயிலோடு மோதுகிறவனுக்கு ஊரில் எத்தனை பேச்சு விழுந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சிதம்பரத்திலும் இதே கதைதான். 1864-ல் அங்கேயும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் வழிவந்த பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது. ஆனால் தில்லை தீட்சிதர்கள் வேத வழியில் பூஜை செய்பவர்கள். நாவலரோ சிவதீட்சை, ஆகமம் என்று நின்றார். கருத்து வேறுபாடு மனக்கசப்பாக முற்றியது.

இந்த நேரத்தில்தான் வள்ளலார் விவகாரம் வந்து சேர்ந்தது. 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார், இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில், திருமுறைகளாக வகுத்து வெளியிட்டார். நாவலருக்குப் பொறுக்கவில்லை. திருமுறை என்றால் நால்வரும் மற்ற அருளாளர்களும் பாடிய பன்னிரண்டுதான், உயிரோடு இருக்கும் ஒருவரின் பாட்டை அந்த வரிசையில் வைக்கலாமா என்பது அவர் கட்சி. அந்தப் பாடல்களில் உருகிக் கரைந்தவர்களுக்கோ, இறைவன் அருளால் வந்த பாட்டெல்லாம் அருட்பாதான். இரண்டு பக்கமும் கண்டன நூல்கள் பறந்தன. நாவலர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு வந்தது.

1869-ல் சிதம்பரம் கோயிலில் தீட்சிதர்கள் கூட்டிய சபைக்கு வள்ளலாரும் வந்திருந்தார். அங்கே தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, வள்ளலார் விடுவிக்கப்பட்டார் என்று நாவலரின் சரித்திரம் சொல்கிறது. வள்ளலார் உள்ளே நுழைந்ததும் வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்று வணங்கிவிட்டார், அதைப் பார்த்து நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார் என்று ஒரு கதையும் நெடுநாளாக வழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது செவிவழிக் கதை. தம் கட்சியை நாவலர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை. அவர்கள் இருவரும் மறைந்த பிறகும்கூட, மறைமலையடிகள் அருட்பா பக்கமும் கதிரைவேற் பிள்ளை எதிர்ப்பக்கமுமாக நின்று இந்தப் போரைத் தொடர்ந்தார்கள்.

யார் சொன்னது சரி? சகோதரிகளே, திருமுறை பன்னிரண்டு என்பது இன்றும் மாறவில்லை. அந்த வகையில் நாவலர் வரம்பைக் காத்தார். ஆனால் அருட்பாவை நம் வீட்டை விட்டு அவரால் வெளியே அனுப்ப முடியவில்லை. ஜனங்களின் பக்தி அவர் அளவுகோலைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் மூடி மறைக்கக் கூடாது. வள்ளலார் சாதி வேற்றுமை கூடவே கூடாது என்றார். நாவலரோ சாதி ஆசாரங்களை வற்புறுத்தி எழுதினார். அவர் காலத்து யாழ்ப்பாணத்தில் பெரும்பாலோர் எண்ணம் அதுதான் என்று சமாதானம் சொல்லலாம். ஊர் வழக்கம் எதையும் ஆகமப்படி கேள்வி கேட்டவர், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டாரே என்று நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் கதவு திறக்க யாழ்ப்பாணத்தில் வெகுகாலம் ஆயிற்று. 1968-ல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட அனுமதி கேட்டு ஜனங்கள் போராட வேண்டியிருந்தது.

கஞ்சித் தொட்டி

வாதம் செய்பவர்களுக்கு மனசு இளகாது என்று நினைப்போம். 1877-ல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியது. கூடவே காலரா. ஐம்பதைத் தாண்டிவிட்ட நாவலர், செட்டிமார்களிடமும் வியாபாரிகளிடமும் கேட்டு வாங்கி, வண்ணார்பண்ணையில் கஞ்சித் தொட்டி வைத்தார். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பத்து வருடங்களுக்கு முன் 1867-ல் வடலூரில் வள்ளலார் தர்மசாலை அடுப்பை மூட்டியிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அருட்பா என்ற ஒரு சொல்லுக்காக மோதிய இருவருமே பசித்தவன் முன்னால் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்!

பஞ்ச காலத்தில் அரசாங்கம் போதிய கவனம் எடுக்கவில்லை என்று துவைனம் துரையையும் அவர் விடவில்லை. யாழ்ப்பாணத்தின் பெரிய அதிகாரி அவர்தான். நல்லூர் நிர்வாகத்தைக் கேட்ட அதே குரலில் துரையையும் கேட்டார்.

1879-ல் இலங்கைச் சட்டசபையில் தமிழர்களுக்காக இருந்த முத்துக்குமாரசுவாமி காலமானார். அந்த இடத்துக்கு யார் என்ற கேள்வி எழுந்தது. கிறிஸ்டோபர் பிரிட்டோ என்ற வழக்கறிஞருக்கு ஒரு பக்கம் ஆதரவு. நாவலரோ, அப்போது இளைஞராக இருந்த பொன்னம்பலம் இராமநாதன்தான் தகுதி என்று கூட்டம் கூட்டிப் பேசினார். கவர்னர் இராமநாதனையே நியமித்தார். பிற்காலத்தில் இராமநாதன் எவ்வளவு பெரிய தலைவராக ஆனார் என்பதை இலங்கைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள்.

நாவலர் பொதுக்காரியத்துக்காக எடுத்த கடைசி முயற்சிகளில் அதுவும் ஒன்று. அதே வருடம் டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கார்த்திகை மக நட்சத்திரம். சொத்து சுகம், மனைவி மக்கள் எதுவும் இல்லாமல் 56 வயதில் சிவபதம் அடைந்தார். சைவர்கள் இன்றும் கார்த்திகை மகத்தில் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோமே! பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம், போர்த்துக்கீசியர்களால் இடிபட்டுக் காடாகிக் கிடந்தது. அதை மீட்டுக் கட்டவேண்டும் என்று 1872-லேயே எழுதி ஜனங்களைத் தட்டி எழுப்பியவரும் நாவலர்தான். அவர் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் நிலத்தை மீட்டுக் கோயில் எழுப்பினார்கள்.

நல்லூர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அங்கே இன்றும் மூலஸ்தானத்தில் வேல்தான். ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா நடக்கிறது. ஜனவெள்ளம் அலைமோதுகிறது. முருகன் நாவலரின் வாதத்துக்கு இணங்கவில்லை போலிருக்கிறது! ஆனால் கோயிலுக்கு அருகிலேயே நாவலர் பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. யாழ்ப்பாணம் போகும் பாக்கியம் கிடைத்தால், வேலைத் தரிசித்த கையோடு அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.