பதினைந்து வயதில் வாகை சூடிய லாட்டி டாட்

விளையாட்டுத் திடல் ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் பதினைந்தே வயதான சிறுமி ஒருவர் மட்டையைக் கையிலேந்திக் களமிறங்கி, கண்டோரை வியக்க வைத்தார். அவரே இங்கிலாந்து நாட்டின் லாட்டி டாட்.

இவர் 1871-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், செஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த பெபிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். சார்லட் என்பது இவரது இயற்பெயர். தந்தையார் பருத்தி வணிகர், செல்வக் குடும்பம். வீட்டு வளாகத்திலேயே இரண்டு டென்னிஸ் திடல்கள் இருந்தன. நான்கு மக்களுள் கடைக்குட்டியான லாட்டி, மூத்தோருடன் ஆடிப் பழகினார். 1883-இல், தம் பதினோராம் வயதிலேயே, தமக்கை ஆனியுடன் இணைந்து மான்செஸ்டர் நகரப் போட்டியில் கலந்துகொண்டார்.

இலண்டன் மாநகரின் விம்பிள்டனில் புல்தரை டென்னிஸ் போட்டி 1877-இல் தொடங்கியது. எனினும், மகளிர்க்கு அங்கே ஆட இடம் கிடைத்தது 1884-இல்தான். அப்போதும் அவர்களுக்கு ஓர் இடையூறு இருந்தது. இடையை இறுக்கும் கச்சும், தரையைத் தொடும் நீண்ட பாவாடையும் அணிந்தே அவர்கள் ஆட வேண்டியிருந்தது. அவ்வுடையுடன் ஓடுவதே அரிது. சிறுமி என்பதால் லாட்டி சற்றுக் குட்டையான பாவாடை அணிய முடிந்தது. அது அவருக்குப் பெருந்துணையாயிற்று. பந்து தரையில் படுமுன்னரே பாய்ந்து சென்று அடிப்பதில் அவர் வல்லவரானார்.

அந்நாளில், முந்திய ஆண்டு வென்றவர் நேரே இறுதி ஆட்டத்தில் மட்டும் ஆடினால் போதும். ஏனையோருள் வென்று வருபவரே அவரை எதிர்ப்பார். 1887-இல் அவ்வாறு காத்திருந்தவர் பிளான்ச் பிங்லி. அவரை லாட்டி 6-2, 6-0 என எளிதில் வீழ்த்தினார். மகளிர் ஒற்றையர் பிரிவில் இத்துணை இளம் வயதில் விம்பிள்டனில் வாகை சூடியவர் இன்றுவரை வேறெவரும் இலர்.

தொடர்ந்து 1888, 1891, 1892, 1893 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். ஐந்து முறையும் இறுதியில் எதிர்நின்றவர் அதே பிளான்ச் அம்மையார்தாம். 1893-இல் முதல் சுற்றை 6-8 என இழந்தபோதும் லாட்டி மனந்தளரவில்லை. அடுத்த இரண்டையும் 6-1, 6-4 எனக் கைப்பற்றினார்.

அத்துடன், இருபத்தோராம் வயதில் டென்னிஸ் போட்டிகளிலிருந்து விலகினார், ஆயினும் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்து மகளிர் ஹாக்கிக் குழுவில் ஆடினார். 1904-இல் பிரிட்டிஷ் மகளிர் கோல்ஃப் போட்டியில் வென்றார். 1908-இல் இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டில், அம்பெய்தல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே ஒலிம்பிக்கில் அவர்தம் தமையன் வில்லியம் தங்கப் பதக்கம் வென்றார். முதல் உலகப் போரின்போது லாட்டி செஞ்சிலுவைச் சங்கத்தில் தொண்டாற்றினார். 1960-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவச் செல்வங்களே! லாட்டியின் இல்லத்தில் இரண்டு திடல்கள் இருந்தன. நம் இல்லங்களில் அவை இல்லை. ஆனால், நம் பள்ளியில் ஒரு திடல் உண்டு. ஒன்றில் வென்றதும் அமர்ந்துவிடாமல், வேறொன்றைப் புதிதாகக் கற்கும் ஊக்கத்தையும் நாம் பெறலாம். அதற்குப் பொருட்செல்வம் தேவையில்லை.

பெற்றோர்களே! மாலையில் மகன் பந்துடன் திடலுக்கு ஓடுகையில், மகள் தம்பியை இடுப்பில் சுமந்து வாசலில் நின்று பார்ப்பது நம்மிடையே காணும் காட்சி. அவளையும் ஒரு மணி நேரம் ஆட விடுங்கள். லாட்டியின் வெற்றிக்கு வழிகோலியது, தடையின்றி ஓடுவதற்கு ஏற்ற ஒரு குட்டைப் பாவாடை. நம் பெண்மக்களுக்கும் அத்தகைய சிறு விடுதலையே வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.