இராஜாஜி

இராஜாஜி என அழைக்கப்படும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் எழுத்தாளரும் ஆவார். இந்தியத் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த ஒரே இந்தியர் இவரே (1948–1950). வேலூர்ச் சிறையில் இவர் எழுதிய நாட்குறிப்பு பரவலாக அறியப்பட்டதாகும்.

பிறப்பும் கல்வியும்

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் வெங்கடார்யா அவ்வூரின் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். இன்று தொழிற்பேட்டைகளால் அறியப்படும் இப்பகுதி (தற்போது கிருஷ்ணகிரி மாவட்டம்) அப்போது மைசூர் அரசின் எல்லையை ஒட்டிய வேளாண் பகுதியாக இருந்தது. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டமும், சென்னையில் சட்டமும் பயின்று, 1900 ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞரானார்.

சிறை நாட்குறிப்பு

ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டதற்காக மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்று, டிசம்பர் 21, 1921 முதல் மார்ச் 20, 1922 வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். நெடுங்காலம் ஈளை நோயால் துன்புற்றவர் இவர். சிறை வாழ்க்கையையும் தம் சிந்தனைகளையும் நாள்தோறும் ஆங்கிலத்தில் எழுதிவந்தார். இவர் சிறையிலிருந்தபோதே சௌரி சௌரா நிகழ்வையடுத்து காந்தி இயக்கத்தை நிறுத்தினார். இவர் விடுதலையாவதற்கு இரண்டு நாட்கள் முன்னர் காந்திக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

நாட்குறிப்பில் பெரிதும் பேசப்படுவது ஜனவரி 24, 1922 அன்று எழுதிய பகுதியாகும். சுயராச்சியம் கிடைத்தவுடன் நல்லாட்சியோ மகிழ்ச்சியோ வந்துவிடாது. தேர்தல்களும் ஊழலும் பணபலமும் நிருவாகத் திறமையின்மையும் மக்களை வாட்டும். பழைய ஆட்சியே மேல் என்று சிலர் ஏங்கவும் கூடும் என இவர் கருதினார். அடிமை இழிவிலிருந்து விடுபடுவதே உறுதியான பயன் என்றும், குழந்தைப் பருவத்திலிருந்தே நன்னடத்தையும் அன்பும் வளர்க்கும் பொதுக் கல்வியே நம்பிக்கை தருவது என்றும் எழுதினார். தாம் எந்த விடுதலைக்காகச் சிறைப்பட்டாரோ அதைப் பற்றியே இவ்வாறு ஐயுற்றவர், போராட்டத்தைக் கைவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1930 இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைத் தலைமையேற்று நடத்தி மீண்டும் சிறை சென்றார்.

கல்வித் திட்டமும் பதவி விலகலும்

1937–1939 இல் சென்னை மாகாணப் பிரதமராகவும், 1952–1954 இல் முதலமைச்சராகவும் இருந்தார். கல்வியின்மீது அத்தனை நம்பிக்கை வைத்தவரின் ஆட்சி ஆட்டம் கண்டதும் கல்வியால்தான். 1953 இல் இவர் கொண்டுவந்த திட்டத்தின்படி சிற்றூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அரைநாள் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும். இது சாதிமுறையை நிலைநிறுத்தும் 'குலக்கல்வித் திட்டம்' எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தனர். 1954 இல் இவர் பதவி விலகியபின், காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அதே ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றார். 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொரப்பள்ளியில் இவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக உள்ளது.