சிற்றில் சிதையாத அன்னை: மரியா மாண்டிசோரி அம்மையார்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் குடும்பங்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பெரியோர் அருவியில் நீராடிக் கரையேறிவிடுவர். குழந்தைகளோ ஓடும் நீருக்குக் கூழாங்கற்களால் அணை கட்டுவதில் மூழ்கியிருப்பர். நேரமாயிற்று என்று அவர்களைக் கைப்பற்றி இழுத்துச் செல்லும் பெற்றோர், அக்குழந்தைகளிடமிருந்து எதனைப் பறிக்கின்றோம் என்பதை அறியார்.

குழந்தையின் ஆட்டத்தை மதித்தது தமிழ் மரபு. சங்கப் பாடல்கள் மகளிர் ஆடிய ஓரையையும் மணலில் இழைத்த வண்டற் பாவையையும் காட்டும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லியைப் பந்தாடவிட்டே கதையை நடத்துகின்றார். பிள்ளைத்தமிழோ சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என விளையாட்டுகளையே பருவங்களாக வகுத்துக்கொண்டது. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இஸ்லாமியப் புலவர்களும் இம்மரபைப் போற்றினர். சிற்றில் பருவத்தில் சிறுமியர் தாம் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டா என்று இரந்து நிற்பர். அந்த வேண்டுகோளை மருத்துவக் கண்ணோடு கேட்டவர் ஒருவர் இத்தாலி நாட்டில் தோன்றினார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைத் தந்தையும் விரும்பவில்லை; சமுதாயமும் விரும்பவில்லை. ஆடவரோடு நின்று பிணத்தை அறுத்துப் பயிலுதல் தகாதெனக் கருதப்பட்டமையால், ஏனையோர் சென்றபின் தனியே அப்பாடத்தைப் பயின்றார். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்பெண்டிர் சிலருள் இவரும் ஒருவர்.

மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அவர் அங்குக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடினர் என்பர். கண்டவர் அதனைப் பசியென்று கொண்டனர். அம்மையாரோ கைகளுக்குத் தொழிலின்றி வாடும் அறிவின் பசியென்று உணர்ந்தார். கைகளால் தொட்டுப் பழகும் கருவிகளைக் கொடுத்து அக்குழந்தைகளைப் பயிற்றினார். அவர்களுட் சிலர் பொதுத்தேர்விலும் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரோ, நலமுள்ள குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்துள்ளன என்றே வருந்தினார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கு மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தி எடுத்து மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாட்டொலி எழுந்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது முறைக்கு மேல் செய்தபின் தானே நிறுத்தி மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். பெரியோர் பயனற்றதென ஒதுக்குவது குழந்தைக்குத் தன்னைத் தானே கட்டியெழுப்பும் உழைப்பு என்பதை அம்மையார் அன்று உறுதி செய்துகொண்டார். விலையுயர்ந்த பொம்மைகளைவிடத் துடைப்பதும் கழுவுவதும் அடுக்குவதுமாகிய மெய்யான செயல்களையே குழந்தைகள் நாடினர். ஆகவே விளையாட்டு என்னாது வேலை என்றே அவர் அதனைக் குறித்தார்.

அம்மையாரின் வாழ்விலும் ஒரு துயரம் இருந்தது. 1898இல் பிறந்த தம் ஒரே மகன் மரியோவை உலகறிய வளர்க்க இயலாது வேறொரு குடும்பத்தில் விட்டிருந்தார். பிறர் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தவர், தம் மகனுடைய மழலைப் பருவத்தை அருகிலிருந்து காணும் பேறு பெற்றிலர். பிற்காலத்தில் அம்மகனே அவருடைய பணிக்குத் துணையானார்.

முசோலினியின் ஆட்சியோடு மாறுபட்டதால் 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939இல், அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, தம் 69ஆம் வயதில் சென்னை அடையாறு வந்தார். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றில் கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அரசு மகனை விடுவித்தது. பின்னர்க் கொடைக்கானல் மலையில் தங்கி, செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளுக்குப் பாடமாக்கினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் இயற்கை எய்தினார்.

அவர் கூறியதை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்கலாம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியமுத்து இடும் சிறுமி எண்ணவும் எதிர்நோக்கவும் பழகுகின்றாள். நாளை எழுதுகோல் பிடிக்கும் விரல்களும் அங்கேயே வலுப்பெறுகின்றன. பாண்டி ஆடுபவள் உடற்சமநிலை பெறுகின்றாள். கிளித்தட்டு ஆடும் சிறுவன் விதிக்கு அடங்கவும் தோல்வியைத் தாங்கவும் கற்கின்றான். பாடம் முடித்த சிறுவனை ஆடவிடாது தடுத்தால் அவன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்பதை இமாம் கஸ்ஸாலி அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னரே உணர்த்தினார்கள். விளையாட்டு குழந்தையின் உரிமையென ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றது. இந்தியா 1992இல் அதற்கு இசைந்தது.

இவற்றையெல்லாம் வகுப்பில் கூறும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நான்கு வயது நிரம்பாத நம் வீட்டுச் சிறுவன் முற்றத்தில் கட்டிய மண்வீட்டைக் கலைத்து, அவனை எழுத்துப் பலகைமுன் அமர்த்தியவர்கள் நாம். பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைப்பவன் குழந்தை. நம் இல்லத்திலோ சிதைத்தவர் தமிழாசிரியர். அன்று அவன் அழவில்லை. ஆனால் நெடுநாள் அந்த முற்றத்திற்கு அவன் போகவுமில்லை.

ஆகவே பெரியோர்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் நாம் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு மஹல்லாவிலும் குழந்தைகளுக்கென ஒரு திடல் ஒதுக்குங்கள். மாலையில் தனிப்பயிற்சிக்கு அனுப்புமுன் ஒருமணி நேரம் ஆடவிடுங்கள். நாளை ஆசிரியராகும் மாணவர்காள், கற்பிக்கத் தொடங்குமுன் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சற்றே நின்று நோக்குங்கள். மாண்டிசோரி அம்மையாரும் அவ்வாறு நோக்கியே தொடங்கினார்.