காமிராவோடு காட்டுக்குப் போன கிருஷ்ணன்

காட்டுக்குப் போகிறவர் என்றாலே கையில் துப்பாக்கி இருக்கும் என்று ஜனங்கள் நினைத்த காலம் ஒன்று இருந்தது. புலியைச் சுடுவார்கள். செத்த புலியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதைக் கூடத்தில் மாட்டி வைப்பார்கள். அந்தக் காலத்திலேயே, உயிரோடு உலாவும் மிருகத்தைப் படம் பிடிக்கக் காட்டுக்குப் போனார் ஒரு தமிழர். அவர்தான் மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை இவர். 1912-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். இன்றைய மயிலாப்பூரைப் பார்த்து அன்றைய ஊரை எடை போடக்கூடாது. அப்போது அங்கே புதர்க்காடு இருந்தது, நரிகள் இருந்தன, வெளிமான்கூட உண்டு. பதினோரு வயதில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார்.

1925-ல் தந்தை காலமானார். பையனுக்கு அப்போது வயது 13. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன் என்ற வெள்ளைக்காரர், செடிகளைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது கிருஷ்ணனையும் அழைத்துப் போனார். செடியை அது வளரும் இடத்திலேயே போய்ப் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. 1936-ல் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை.

சண்டூர் சமஸ்தானத்தில்

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. என்னென்ன வேலை பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர்! இடையில் ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாவும் வளர்த்தார். சுற்றிலும் குன்றுகள். அவருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வயது நாற்பதை நெருங்குகிறது. குடும்பம் இருக்கிறது. பட்டங்கள் கையில் இருக்கின்றன. மாதச் சம்பளத்துக்குப் போயிருக்கலாம். அவரோ பேனாவையும் காமிராவையும் நம்பிப் பிழைப்பது என்று முடிவு செய்தார். பறவையைப் பற்றி எழுதினால் அடுப்பு எரியுமா என்று இன்றைக்கும் கேட்பார்கள். அன்றைக்குக் கேட்காமல் இருந்திருப்பார்களா?

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுதத் தொடங்கினார். படங்களையும் தாமே வரைந்தார்.

யானை மேல் ஏறி யானையைப் பார்த்தார்

நம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை ஜனங்களுக்கு யானை புதிதல்ல. ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் வரும். ஓசூர் பக்கத்துச் சானமாவு வரைக்கும் வரும். வந்துவிட்டது என்று கேட்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் ஓடுகிறார்கள். ஒரே கூச்சல். யானை மிரளாமல் என்ன செய்யும்? வனத்துறைக்காரர்களுக்கு யானையைவிட ஜனங்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

கிருஷ்ணன் போன விதமே வேறு. முதுமலையில் பழக்கிய யானையின் முதுகில் ஏறிக்கொள்வார். பாகனோடு மெதுவாகக் காட்டுக்குள் போவார். பழக்கிய யானை மேல் வருகிற ஆளைக் காட்டு யானைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கூட்டம் தன் பாட்டுக்கு மேயும். குட்டி தாயின் காலுக்குள் நுழையும். அதுதான் அவருக்கு வேண்டிய படம். மிரண்ட மிருகத்தின் படம் அவருக்கு வேண்டாம்.

அவருடைய காமிராவும் வேடிக்கையானது. உடம்பு ஒரு கம்பெனி. லென்ஸ் வேறொரு கம்பெனி. உள்ளூர்க் கைவேலைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அந்தப் பெரிய பாரத்துக்குக் கிருஷ்ணன் வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை அவர் விடவில்லை. யானைத் தோலின் சுருக்கமும் மானின் மேல் விழும் நிழலும் அதில் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன! இன்று ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுக்கலாம். அன்று பிலிமுக்குக் காசு. கழுவிப் பார்த்தால்தான் படம் விழுந்ததா என்றே தெரியும். ஆகையால் நன்றாகப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

இதனால் அவர் காட்டு மனிதர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். காக்கை, அணில், வீட்டுப் பல்லி எல்லாவற்றையும் யானையைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார். 1961-ல் வெளிவந்த அவருடைய ஆங்கிலப் புத்தகத்தின் பெயரே காடும் கொல்லைப்புறமும் என்று பொருள்படும். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கொல்லையில் முருங்கை இருந்தால் போதும். கெலவரப்பள்ளி அணைக்கரைக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்குப் புதிய விஷயங்கள் படும்.

கிருஷ்ணன் பிடிவாதக்காரர். அயல்நாட்டு அழகு மரங்களை நட்டு ஊரை அலங்கரிப்பது அவருக்குப் பிடிக்காது. நம் மண்ணின் மரங்களே இங்கே இருக்க வேண்டும் என்று சண்டை போட்டார். சர்க்காருக்கும் அவர் யோசனை தேவைப்பட்டது. 1973-ல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் அவர் இருந்தார். பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

பட்டம் பதவிக்காக அவர் எழுத்தை நிறுத்தவில்லை. 46 ஆண்டுகள் அந்தப் பத்திரிகைக்கு இடைவிடாமல் கட்டுரை போய்க்கொண்டே இருந்தது. 1996-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். அப்போது வயது 83.