சிட்டுக்குருவி சொன்ன சாட்சி

அன்றைய சித்தூர் ஜில்லா புத்தூரில் எங்கள் அகத்துக் கலப்பினப் பசு திடீர் ஜுரத்தில் உயிரை விட்டது. தீவனக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒட்டுண்ணிக் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் என்று கால்நடை டாக்டர் விளக்கினார். அதன் பிறகுதான் ஸர் ரொனால்டு ராஸின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

ராஸ் 1857-ல் அல்மோராவில் பிறந்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று 1894-ல் லண்டனில் பாட்ரிக் மான்சன் அவருக்கு வழிகாட்டினார். செகந்தராபாத்தில் கொசு கொசுவாக அறுத்துப் பார்த்த ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் அது மறுபடி உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. அதற்குள் ராஜபுதனத்துக்கு மாற்றல், வேலை தடைப்பட்டது.

1898-ல் கல்கத்தா வந்தார். நோயாளிகள் ஒத்துழைக்காததால் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டார். கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குச் சேர்வதைக் கண்டார். அத்தகைய கொசுக்களைக் கடிக்கவிட்டதும் நோயற்ற சிட்டுக்குருவிகளுக்கும் மலேரியா வந்தது. புதிர் அவிழ்ந்தது. 1902-ல் நோபல் பரிசு பெற்றார்; 1932-ல் லண்டனில் காலமானார்.

குருவிக்குக் கொசு எப்படியோ, எங்கள் பசுவுக்கு உண்ணி அப்படி. அடுத்து வந்த பசுவின் காதுமடலையும் மடியையும் தினமும் விரலால் தடவிப் பார்க்கத் தவறியதில்லை. பசு வளர்க்கும் அங்கத்தினர்களும் அவ்வாறே செய்யவேண்டுகிறேன்.