சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா (அக்டோபர் 13, 1884 - செப்டம்பர் 23, 1969) இலங்கையின் அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரான இவர் இலவசக் கல்வியின் தந்தை என அழைக்கப்படுகிறார். கிறிஸ்டோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா என்பது இவரது முழுப்பெயராகும்.

வாழ்க்கைக் குறிப்பு

இலங்கையின் தென் மாகாணத்தில் அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பையில் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் பயின்ற இவரது திறமையைக் கண்ட காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் ஜேம்ஸ் டாரெல், புலமைப்பரிசில் வழங்கி இவரைத் தமது கல்லூரியில் சேர்த்துக் கொண்டார். அப்பரிசில் கிடைக்காதிருந்தால் இவர் ஆங்கிலக் கல்வியைத் தொடர்ந்திருப்பது கடினம். சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் 1910 இல் வழக்கறிஞரானார். 1923 இல் சட்டவாக்கப் பேரவைக்குத் தெரிவானார். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அமைந்த அரசாங்க சபையில் கல்வி அமைச்சராகி, 1947 வரை அப்பதவியில் இருந்தார்.

கல்விச் சட்டங்கள்

அக்காலத்தில் இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சிங்களம் அல்லது தமிழ் வழியில் கற்பித்த பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கு கற்றோருக்கு உயர் பதவிகள் எட்டாக்கனியாகவே இருந்தன. அரச உத்தியோகத்திற்கும் உயர்கல்விக்கும் வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. எனவே ஒரு பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தே அமைந்தது.

1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இவரது முயற்சியால் நிறைவேறியது. சமய நிறுவனங்களின் செல்வாக்கு மிகுந்திருந்த கல்விச் சபை இதனால் ஆலோசனை கூறும் அமைப்பாக மாறியது. கிறித்தவ நிறுவனங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. இலங்கையின் கல்வி நிர்வாகத்திற்கு இச்சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது.

இவரது தலைமையில் இயங்கிய கல்விக்கான சிறப்புக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளியானது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி வழிக் கற்பித்தல் ஆகியன இதன் வழியே வந்த முக்கிய மாற்றங்களாகும். வசதி படைத்தோர் பலர் செலவைக் காரணம் காட்டி இதனை எதிர்த்தனர். எனினும் 1945 அக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரச உதவி பெற்ற தனியார் பாடசாலைகள் கட்டணத்தைக் கைவிட வேண்டும், அல்லது உதவியை இழக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. காலக்கெடு நீடிக்கப்பட்ட பின் பெரும்பாலானவை அரச உதவியைத் தெரிந்தன. கொழும்பின் சில பாடசாலைகள் விலகி நின்றன.

சட்டம் மட்டும் போதாது என்பதைக் கன்னங்கரா உணர்ந்திருந்தார் எனலாம். நகரங்களுக்கு வெளியே அவர் தொடங்கிய மத்திய பாடசாலைகள் அவரது பதவிக்கால முடிவில் 54 ஆக இருந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தேறிய ஏழை மாணவர்கள் இவற்றில் விடுதி வசதியுடன் இலவசமாகக் கற்றனர்.

பெருந்தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பயன் உரிய காலத்தில் கிட்டவில்லை. தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்த பள்ளிகள் பெரும்பாலும் கீழ்வகுப்புகளுடன் நின்றுவிட்டன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே ஆகும். இலவசக் கல்வியின் வரலாற்றில் இது அதிகம் பேசப்படாத பகுதியாகும்.

பிற்காலம்

1947 பொதுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதியில் வில்மட் பெரேராவிடம் தோல்வியுற்றார். நாட்டின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவர் விடுதலை பெற்ற இலங்கையில் மீண்டும் கல்வி அமைச்சராகவில்லை. பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் தூதுவராகப் பணியாற்றினார். 1952 இல் அகலவத்தையில் வென்று 1956 வரை உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். அதன்பின் அரசியலிலிருந்து ஒதுங்கிய இவர் 1969 இல் தமது 84 ஆவது வயதில் காலமானார்.