மார்ட்டின் லூதர்

மார்ட்டின் லூதர் (நவம்பர் 10, 1483 – பெப்ரவரி 18, 1546) ஜெர்மனியைச் சேர்ந்த துறவியும் இறையியல் பேராசிரியரும் ஆவார். கிறித்தவச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். லூதரனியம் என்னும் கிறித்தவப் பிரிவு இவரது குடும்பப்பெயரால் அழைக்கப்படுகிறது. எனினும் இவர் பிறந்தபோது அக்குடும்பப்பெயர் வேறு வடிவில் இருந்தது. தமது பெயர் ஓர் இயக்கத்திற்கு இடப்படுவதையும் இவர் விரும்பவில்லை.

வாழ்க்கை

ஐஸ்லேபன் நகரில் ஹான்ஸ் லூடர், மார்கரெத்தா இணையருக்குப் பிறந்தார். மறுநாள் புனித மார்ட்டின் திருநாளில் திருமுழுக்குப் பெற்றதால் மார்ட்டின் எனப் பெயரிடப்பட்டார். 1505 இல் எர்ஃபூர்ட் நகரில் அகுஸ்தீனார் துறவுமடத்தில் சேர்ந்தார். 1512 இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியரானார்.

குடும்பப்பெயர் மாற்றம்

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து இவர் எழுதிய 95 கருத்துரைகளை, 1517 அக்டோபர் 31 அன்று மைன்ஸ் பேராயருக்கு ஒரு கடிதத்துடன் அனுப்பினார். அக்கடிதத்தில் லூதர் என ஒப்பமிட்டிருந்தார். அக்காலத்தில் கற்றறிந்தோர் கிரேக்க அல்லது இலத்தீன் பெயர்களைச் சூடிக்கொள்வது வழக்கம். இவரும் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் சிலவற்றில் எலூத்தேரியுஸ் என ஒப்பமிட்டார். விடுதலை பெற்றவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது. சில காலத்தில் இதனைக் கைவிட்டாலும், லூதர் என்ற எழுத்து வடிவத்தை இறுதிவரை பயன்படுத்தினார். லூடர் என்பது லூதர் என மாறியதில் இக்கிரேக்கச் சொல்லின் தாக்கம் உள்ளது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இயக்கத்தின் பெயர்

லூதரர் என்ற சொல்லை யோகான் எக் முதலிய எதிர்ப்பாளர்களே முதலில் இழிபெயராக வழங்கினர். 1521 இல் திருத்தந்தை பத்தாம் லியோ லூதரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1522 இல் லூதர், தம்மைப் பின்பற்றுவோர் கிறித்தவர் என்றே அழைத்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். கொரிந்து நகரத்தார் தம் பெயரால் பிரிந்து நிற்பதைப் பவுல் கண்டித்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் அதே ஆண்டில், இக்கொள்கையை ஏற்றவர்கள் அச்சத்தினால் தம் பெயரை மறுதலிப்பது கொள்கையையே மறுதலிப்பதாகிவிடும் என்றும் எழுதினார். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. 1523 சூலை 1 அன்று, இவரது கருத்துகளைக் கைவிட மறுத்த அகுஸ்தீனார் துறவிகள் இருவர் பிரசெல்சு நகரில் எரித்துக் கொல்லப்பட்டனர்.

லூதரின் மறைவுக்குப் பின், கால்வினின் கொள்கையினரிடமிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட அவரைப் பின்பற்றியோர் இப்பெயரையே ஏற்றனர்.

தமிழகத்தில்

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலியோரால் லூதரனியம் தமிழகத்தில் அறிமுகமானது. 1919 இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரில், நற்செய்தியைக் குறிக்கும் சொல்லும் லூதரின் குடும்பப்பெயரும் இணைந்துள்ளன.